தொரை ஜீப்புக்கு என்ன விலை கொடுக்கலாம்?

"தொரை ஓட்டின வண்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஹட்டன் பக்கத்தில் பழைய லேண்ட் ரோவரின் விலை ஒரு படி ஏறிவிடும். அப்படிச் சொல்லி விற்கிற வண்டிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒவ்வொரு தோட்டத்தையும் நிர்வகிக்கப் பத்துத் தொரை இருந்திருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபா சரிந்தது. சொந்தப் பாவனைக்கு வண்டி இறக்க வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கனத்த வரியோடு. நடுவில் ஓடுகிற வண்டி எதுவானாலும் விலை ஏறியது. பழசும் கூடவே ஏறியது. அமெரிக்காவில் பழைய மஸ்டாங் கார் வாங்குகிறவர் ஏலத்தில் போன விலைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே விளம்பரத்தில் வருவது கேட்கிற விலை. கைமாறிய விலை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமே தெரியும். ஆகவே வண்டியைத்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் நம்பர் பிளேட். முதல் சீரிஸ் லேண்ட் ரோவர் வந்தது 1948இலிருந்து 1958வரை. இலங்கையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துள்ள இலக்கம் வந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில். அதற்கு முன்பு ஆங்கில எழுத்துகள். "1954 மாடல்" என்பவரின் பிளேட்டில் ஸ்ரீ இருந்தால், காரணம் கேளுங்கள். முகப்பு விளக்குகள் கிரில்லுக்குள் இல்லாமல் இரு பக்க மட்காட்டில் இருந்தால், அது பெரும்பாலும் அறுபதுகளின் கடைசிக்குப் பிந்திய வண்டி. தொரை கதைக்குச் சான்று முந்திய உரிமையாளர் விபரம்தான்: ஆரம்பத்தில் தோட்டத்தின் பெயரோ கம்பனியின் பெயரோ இருக்க வேண்டும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதால், அடுத்து ஜனவசம போன்ற அரச நிறுவனம் வந்தாலும் வியப்பில்லை.

அடுத்தது செசி. விலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. போருக்குப் பிறகு பிரித்தானியாவில் இரும்புத் தட்டுப்பாடு. அதனால் பொடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது துருப்பிடிக்காது. செசியும் டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரும் இரும்பு. நுவரெலியாப் பனியிலும் மழையிலும் அறுபது வருடம் நின்ற வண்டி மேலே பளபளவென்று இருக்கும், கீழே பொருக்குத் தட்டியிருக்கும். வண்டிக்கடியில் படுத்து, பின் குறுக்குச் சட்டத்தையும் கால் வைக்கும் இடத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உக்கியது சத்தமே இல்லாமல் உதிரும். அதன்மேல் புதுத் தார் பூசியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடட்டும்.

எஞ்சின் விடயத்தில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. விடியற்காலையில் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறவருக்கு ஜப்பான் டீசல் எஞ்சின் போட்ட வண்டிதான் லாபம்; பாகம் கிடைக்கும், எண்ணெயும் குறையும். சேகரிப்பவருக்கோ அதுவே பெரிய கழிவு. எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் சி.ஆர். என்கிற பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போனால் மட்டும் "ஒரிஜினல்" என்பதற்குக் கூடுதலாகக் கொடுங்கள். இல்லையென்றால் செசி, டிங்கரிங், எஞ்சின் வேலைக்கு கராஜில் எழுத்தில் கணக்கு வாங்கி, அந்தத் தொகையைக் கேட்ட விலையிலிருந்து கழியுங்கள். மிச்சமிருப்பதிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம். பெயின்டுக்கு ஒரு சதமும் கூட்ட வேண்டாம்.

பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் நாலைந்து கை தாண்டிய வண்டிக்கு, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், நான் முற்பணம் கொடுக்கமாட்டேன்.