சூரியன் சீறும்போது காஸ்மிக் கதிர்கள் குறைவது ஏன்?

விண்வெளியிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பூமியை நோக்கி வரும் மின்னூட்டத் துகள்கள் காஸ்மிக் கதிர்கள் எனப்படுகின்றன. ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் 1912-ஆம் ஆண்டு பலூனில் பறந்து இவற்றைக் கண்டறிந்தார். இவற்றில் பெரும்பாலானவை சூரியக் குடும்பத்துக்கு அப்பாலிருந்து வருபவை. ஆயினும், அவற்றில் எவ்வளவு பூமியை வந்தடையும் என்பதைத் தீர்மானிப்பதில் சூரியனுக்குப் பெரும் பங்கு உண்டு.

சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் சூரியக் காற்று, காந்தப்புலத்தையும் சுமந்து செல்கிறது. அந்தக் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் திசைதிருப்புகிறது. இதனால், சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் சூரியனின் செயல்பாடு உச்சத்தை எட்டும்போது பூமிக்கு வரும் கதிர்கள் குறைகின்றன. சூரியன் அமைதியடையும்போது அதிகரிக்கின்றன.

திடீர் சரிவு

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் பிளாஸ்மா மேகம் பூமியைக் கடக்கும்போது, காஸ்மிக் கதிர்களின் அளவு சில மணி நேரத்திலேயே சரிகிறது. அது பழைய நிலைக்குத் திரும்பப் பல நாள்கள் ஆகும். இதை 1937-இல் விவரித்த அமெரிக்க அறிவியலாளர் ஸ்காட் ஃபோர்புஷின் பெயராலேயே இந்நிகழ்வு 'ஃபோர்புஷ் சரிவு' என அழைக்கப்படுகிறது.

உதகையில் பதிவான மாற்றம்

சூரியப் புயல் எப்போதும் கதிர்களைக் குறைப்பதில்லை. 2015 ஜூன் 22 அன்று, உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகத்தில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி, சுமார் 2 மணி நேரம் கதிர்கள் திடீரென அதிகரித்ததைப் பதிவு செய்தது. கடும் சூரியப் புயலின் தாக்கத்தால் பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாக வலுவிழந்ததே இதற்குக் காரணம் என 2016-இல் வெளியான ஆய்வு விளக்கியது.

ஏன் முக்கியம்?

காஸ்மிக் கதிர்கள் செயற்கைக்கோள்களின் மின்னணுச் சாதனங்களில் பிழைகளை ஏற்படுத்தக்கூடும். விண்வெளி வீரர்களின் உடல்நலத்தையும் பாதிக்கக்கூடும். அமைதியான சூரியன் பாதுகாப்பானது என்றும் கூற இயலாது. அப்போது தொலைதூரக் கதிர்கள் கூடுகின்றன. சூரியன் சீற்றமடையும்போதோ அதுவே ஆற்றல்மிக்க துகள்களை உமிழ்கிறது. எனவே, நீண்ட விண்வெளிப் பயணங்களைத் திட்டமிடுவோர் இவ்விரு அபாயங்களையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியக் காற்றை அளவிட்டு வருகிறது. சூரியக் காற்று அங்கிருந்து பூமியை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும். வேகமான புயலுக்கு அந்த அவகாசமும் குறையும்.