மரக்கிளையிலிருந்து மரத்தடம் வரை

துவிச்சக்கர வண்டி நம் கல்முனைக் கரையோர மக்களுக்குப் புதுமையானதொரு பொருளன்று. வயலுக்குச் செல்லும் உழவரும், மீன்பெட்டி கட்டிச் செல்லும் வியாபாரியும், புத்தகம் சுமக்கும் மாணவரும் நாடோறும் அதனை மிதித்தே தம் காரியங்களை நிறைவேற்றுகின்றனர். எனினும், அதே வண்டியை மிதித்து உலகப் புகழ் எய்தலாம் என்பதை நம்மிற் சிலரே எண்ணிப் பார்த்திருப்போம். அவ்வாறு புகழ் எய்திய ஒரு நங்கையின் வரலாற்றை இங்குக் கூற விழைகின்றோம். அவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். நம்மைத் தாக்கிய கடல்தான் அவரையும் தாக்கிற்று.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணைத் தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் எழுந்த பெரும் பூகம்பம் ஆழிப்பேரலையை ஏவிவிட்டது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊர் ஊராக அது புகுந்தது. கோயிலென்றும் பள்ளிவாசலென்றும் பாராது அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களைப் பறிகொடுக்கவில்லை.

நம் கரையை அடையுமுன்னரே அவ்வலை வங்கக் கடலின் கீழ்ப்பால் உள்ள கார் நிக்கோபார் தீவின்மீது பாய்ந்தது. ஏறத்தாழச் சமநிலமான அத்தீவில் ஏறித் தப்புதற்கு மலையில்லை. அங்கு வாழ்ந்த டெபோரா ஹெரோல்ட் என்னும் சிறுமிக்கு அப்போது வயது ஒன்பது. வெள்ளம் அடித்துச் செல்ல, அவர் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டார். ஐந்து நாள்கள் அம்மரத்திலேயே இலையையும் பட்டையையும் தின்று உயிர் தரித்திருந்தார் என்று அவரைப் பற்றிய செய்திகள் கூறுகின்றன.

அச்சிறுமியே பின்னர் டில்லிக்குச் சென்று இந்தியாவின் முன்னணிச் சைக்கிளோட்ட வீராங்கனையாக விளங்கினார். அங்கு 2010 ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்காக மரப்பலகையால் அமைக்கப்பட்ட 250 மீற்றர் ஓட்டத்தடம் ஒன்று உண்டு. அதன் வளைவுகள் கூரையின் சரிவுபோல் நாற்பது பாகைக்கும் மேலாகச் சாய்ந்திருக்கும். அதில் ஓட்டும் வண்டிக்குத் தடுப்புக்கட்டை கிடையாது. சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழன்றுகொண்டே இருக்கும். காலுக்கு இடையில் ஓய்வில்லை. டெபோரா தேர்ந்துகொண்ட 500 மீற்றர் போட்டியில், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு அத்தடத்தை இருமுறை தனியே சுற்றிவர வேண்டும். உலகின் தலைசிறந்தோர் அதனை ஏறத்தாழ 33 வினாடிகளில் முடித்தனர். அரை நிமிடத்துக்குச் சற்று மிகுந்த அவ்வோட்டத்துக்காகப் பல்லாண்டு பயில வேண்டும்! மகளிர்க்குரிய இத்தூரம் 2025 முதல் உலகப் போட்டிகளில் 1000 மீற்றராக உயர்த்தப்பட்டுள்ளது.

2015 ஆம் ஆண்டு டிசெம்பரில், அப்போட்டிக்கான உலகத் தரவரிசையில் டெபோரா நான்காம் இடத்தை அடைந்தார். மறு ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த உலகத் தடச் சைக்கிளோட்டப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. அவ்வாண்டின் ஒலிம்பிக் விழாவில் மாத்திரம் அவருக்கு இடம் வாய்க்கவில்லை.

அவர் சென்ற வழியில் அதே தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஈசோ ஆல்பனும் சென்றார். 2018 இல் சுவிற்சர்லாந்தின் ஏகில் நகரில் நிகழ்ந்த இளையோர் உலகப் போட்டியில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். சைக்கிளோட்ட உலகப் போட்டியில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அதுவே. அடுத்த ஆண்டு ஜேர்மனியின் பிராங்பர்ட் அன் டெர் ஓடர் நகரில், மணிப்பூரைச் சேர்ந்த றொனால்டோ சிங், றோஜித் சிங் ஆகியோருடன் குழு விரைவோட்டத்தில் தங்கம் வென்றார்.

இவ்வெற்றிகளைக் கண்டு, "மனவுறுதி இருந்தாற் போதும்" என்று மாணவருக்கு உபதேசம் செய்துவிட்டு அமைவது எளிது. ஆனால் அது பாதி உண்மையே. மரத்தைப் பற்றிய கை டெபோராவினுடையது. அவர் ஓடிய மரத்தடமோ ஒரு நாடு அமைத்துக் கொடுத்தது. ஆற்றலைக் கண்டறியும் கண்ணும், பயிற்றும் ஆசானும், உணவும் உறையுளும் இல்லாதிருப்பின், அம்மனவுறுதி அத்தீவிலேயே அடங்கிப் போயிருக்கும்.

நம் கரையில் அன்று ஒன்பது வயதினராயிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் இன்று முப்பதைத் தொட்ட பெற்றோர், பலர் ஆசிரியர்கள். அவர்களுள் எத்தனை ஆற்றல்கள் காண்பாரின்றிக் கழிந்தனவோ! அவர்தம் பிள்ளைகளுக்கேனும் அந்நிலை நேரலாகாது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை மேடுபள்ளமற்ற பாதை நீண்டு கிடக்கின்றது. ஓராண்டில் ஒரு காலைப் பொழுதேனும் அதிற் போக்குவரத்தை நிறுத்தி, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற பிரிவின்றி, மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனியே சைக்கிளோட்டம் நடத்துதல் இயலாத காரியமா? மாணவியர் வண்டியோட்டுவதைப் பற்றித் தயங்கும் பெற்றோர், முன்பின் அறியாத ஊர்களுக்குத் தனியே சென்று வென்ற அந்தத் தீவுப் பெண்ணைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. அதிபர்களும் விளையாட்டு அலுவலர்களும் கூடி நாள் குறித்தால், வண்டிகளுக்குக் குறைவில்லை. அவை நம் வீட்டு முற்றங்களிலேயே நிற்கின்றன.