பதவி போயிற்று, சட்டம் நின்றது!

சட்டம் படித்தோர் நாட்டிலே ஏராளம். சட்டத்தை விற்றுப் பிழைப்போரும் ஏராளம். ஆனால், சட்டத்தைக் கற்பித்து, சர்க்காரிலும் பணியாற்றி, அந்தச் சர்க்காரின் தலைவரே சட்டத்துக்கு அடங்க மறுத்தபோது எதிரே நிமிர்ந்து நின்றவர் எத்தனை பேர்? அப்படி ஒருவரைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்திலே தொழிலாளர் சட்டம் போதித்தவர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ். 1912-ல் பிறந்தவர். சங்கம் சேரும் உரிமை, கூட்டுப் பேரம், வேலை நிறுத்தம் - இவைதான் அவருடைய பாடம். இரண்டாம் உலகப் போரின்போது தொழிலாளர் இலாகாவின் சட்டப் பிரிவிலே பணி; போர் முடிந்ததும் மீண்டும் வகுப்பறை.

1952-ல் கூலி உயர்வுகளைக் கட்டுப்படுத்தும் வாரியத்துக்குத் தலைவரானார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் நாளொன்றுக்கு 1 டாலர் 90 சென்ட் உயர்வு பேசி முடித்திருந்தது. வாரியமோ 1 டாலர் 50 சென்ட் போதும் என்றது. 40 சென்ட் வெட்டு! நமக்கு இது இனிக்குமா? இனிக்காது. பூமிக்கடியிலே மூச்சைப் பணயம் வைப்பவன் வீட்டு அடுப்பை எரிக்கும் காசல்லவா அது! குடியரசுத் தலைவர் ட்ரூமன் முழு உயர்வையும் தரச் சொன்னார். காக்ஸ் ராஜினாமா செய்தார். அவர் முடிவை நாம் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வகுத்த விதி மீறப்பட்டதாகக் கருதியவர், நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

1961-ல் கென்னடி அவரை அழைத்தார். உச்சநீதி மன்றத்திலே அரசுக்காக வாதாடும் தலைமை வழக்கறிஞர் பதவி. கறுப்பருக்கு அறை தர மறுத்த அட்லாண்டா நகர விடுதிக்காரர், 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் செல்லாது என்று வழக்காடினார். சட்டம் செல்லும் என்று வாதாடி வென்றவர் காக்ஸ்!

பிறகு வந்தது 1973. எதிர்க்கட்சி அலுவலகத்திலே 1972-ல் நடந்த வாட்டர்கேட் திருட்டு ஊரெல்லாம் நாறியது. அதை விசாரிக்கும் தனி வழக்கறிஞராகக் காக்ஸை நியமித்தவர் நீதித்துறை அமைச்சர் ரிச்சர்ட்சன். காக்ஸிடம் படித்த மாணவர். வெள்ளை மாளிகையில் பதிவான பேச்சு நாடாக்களைக் கொடு என்றார் காக்ஸ். நிக்சன் மறுத்தார். நீதிமன்றம் உத்தரவிட்டது, அப்போதும் சாக்குச் சொன்னார். காக்ஸ் விடவில்லை.

அக்டோபர் 20, சனிக்கிழமை. "காக்ஸை நீக்கு" என்று ஆணை பிறந்தது. ரிச்சர்ட்சன் மறுத்தார், பதவி விலகினார். அடுத்த நிலையிலிருந்த ரக்கல்ஷாஸும் மறுத்தார், அவரும் போனார். மூன்றாமவர் ராபர்ட் போர்க் கையெழுத்திட்டார். அவரும் சட்டப் பேராசிரியராக இருந்தவர்தான். காக்ஸ் முன்பு வகித்த அதே பதவியிலே அமர்ந்திருந்தவர்தான்! படிப்பு ஒன்று, பதவி ஒன்று. பாதை மட்டும் வேறு.

காக்ஸ் வீடு திரும்பினார். மக்களின் கோபமோ தந்திகளாகத் தலைநகரில் குவிந்தது. 1974 ஜூலையில் உச்சநீதி மன்றம் ஒருமனதாக நாடாக்களைக் கேட்டது. ஆகஸ்டிலே நிக்சன் பதவி துறந்தார். காக்ஸ் மீண்டும் மாணவர் முன் நின்றார், 2004-ல் மறைந்தார்.

சுரங்கத் தொழிலாளிக்கு 40 சென்ட் கசந்த அதே பிடிவாதம்தான், குடியரசுத் தலைவரையும் கேள்வி கேட்டது. சாதகமானபோது மட்டும் சட்டம் பேசுகிறவனை முதலாளி எளிதில் மடக்கிவிடுவான். பாதகமானபோதும் பேசுகிறவனை யாரும் மடக்க முடியாது. சங்கத்தின் ஒப்பந்தத்தைக் கையிலெடுக்கும்போதெல்லாம், தோழர்களே, இதை நினைவிலே வைப்போம்!