போதை சுண்ணாம்பில் இல்லை, ஆனாலும்...

ஆரணிக்கு அருகே முள்ளிப்பட்டில் தறி போடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வெறும் புகையிலையை மென்றால் அவ்வளவாக ஏறுவதில்லை. உள்ளங்கையில் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கி உதட்டில் அடக்கினால் சுர்ரென்று ஏறுகிறது. சுண்ணாம்பிலும் போதை இருக்கிறதா சார்?"

துளியும் இல்லை. ஆனால் போதைக்குக் கதவைத் திறந்துவிடுவது அதுதான்.

புகையிலையில் உள்ள நிகோட்டினில் பெரும்பகுதி ஒரு ஹைட்ரஜன் அயனியை ஒட்டிக்கொண்டு, மின்னூட்டத்தோடு இருக்கும். வாயின் உட்சவ்வு அதை லேசில் உள்ளே விடாது. சுண்ணாம்பு ஒரு காரம், அது அந்த அயனியைப் பிடுங்கிவிடுகிறது. காரத்தன்மை கூடக் கூட பிஎச் என்ற அளவு ஏறும். பிஎச் 7-ல் பத்தில் ஒரு பங்கு நிகோட்டின்தான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும், 8-ல் பாதி, 9-ல் பத்தில் ஒன்பது பங்கு. புகையிலை கூடவில்லை, ரத்தத்தில் சேரும் நிகோட்டின்தான் கூடுகிறது.

பட்டு நெய்யும் ஆரணிப் பக்கத்தாருக்கு இது புதிதல்ல. கோராப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் செரிசின் பசை கழன்று, நூல் பளபளக்கிறது. பிறகுதான் சாயம் ஒழுங்காக ஏறுகிறது. நிகோட்டினுக்கு ஹைட்ரஜன் அயனிதான் பசை, சுண்ணாம்புதான் சோடா. காரம் மிஞ்சினால் பட்டு நைந்துபோகும். சுண்ணாம்பு மிஞ்சினால் கன்னம் வெந்துபோகும். ஒரே வித்தியாசம், பட்டில் போன பசை திரும்பாது. ரத்தத்துக்குள் போன நிகோட்டினில் பெரும்பகுதி மறுபடி அயனியை ஒட்டிக்கொள்கிறது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் இழை அறும்.

மூளைக்குப் போன நிகோட்டின் அங்குள்ள ஏற்பிகளில் அமர்கிறது. தினமும் வந்தால் ஏற்பிகளின் எண்ணிக்கையே பெருகுகிறது. ரத்தத்தில் நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது எரிச்சல், கவனச் சிதறல், அடுத்த சிட்டிகை. இது எல்லாவற்றையும் மூளையின் 'டோபமைன்' என்ற ஒரே வேதிப்பொருளில் அடக்கி, அதைக் 'கழுவ' ஏழு நாள் பயிற்சி விற்கும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

வரலாறு சுருக்கமே: புகையிலை இந்தியாவுக்குப் போர்ச்சுக்கீசியரோடு வந்தது. நிகோட்டினை 1828-ல் ஜெர்மனியில் போசெல்ட், ரைமன் இருவரும் பிரித்தெடுத்தார்கள்.

தமிழகத்தில் புகையிலை கலந்த குட்காவுக்கு 2013 முதல் தடை. ஆனாலும் 2024-ல் பள்ளி மாணவர்களிடம் 'கூல் லிப்' என்ற, உதட்டில் அடக்கும் புகையிலை புழங்குவது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலைப்பட வேண்டியிருந்தது. கையில் கசக்காமல் சின்னப் பொட்டலமாக வருவதால் அது சாது என்று நினைக்க வேண்டாம். மெல்லும் புகையிலை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான முடிவு. இந்தியாவில் புகைக்காத வகைப் புகையிலையைப் பயன்படுத்தும் பெரியவர்கள் 100-க்கு 21 பேர் என்றது 2016-17 கணக்கெடுப்பு.

விடுவதற்கு உதவும் நிகோட்டின் சூயிங்கத்திலும் இதே வித்தைதான்: சவ்வைத் தாண்டுவதற்காக அதிலும் காரம் சேர்க்கிறார்கள். காபியும் குளிர்பானமும் புளிப்பானவை. குடித்த கையோடு மென்றால் நிகோட்டின் சரியாக உள்ளே போகாது. கால் மணி நேரம் பொறுங்கள். சூயிங்கம் மந்திரமல்ல, விடும் வாய்ப்பை ஓரளவு கூட்டும், அவ்வளவே. மென்றும் அடங்காவிட்டால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.