விதை வங்கிக்கு மென்பொருள்... முதலில் பெயர்ச்சீட்டைச் சரிபாருங்கள்!

மெக்சிகோவின் எல் பட்டானில் இயங்குகிறது, ‘சிமிட்’ எனப்படும் சர்வதேச மக்காச்சோளம் மற்றும் கோதுமை மேம்பாட்டு மையம். லாப நோக்கமில்லாத இந்த நிறுவனத்தின் மரபணு வங்கியில் கோதுமை மாதிரிகள் மட்டும் 1 லட்சத்துக்கும் அதிகம். கேட்பவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் விதை மைனஸ் 3 டிகிரியிலும், நீண்டகால இருப்பு மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலும் இருக்கின்றன.

பாக்கெட்டைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்த ஊரில் சேகரித்தது, கடைசியாக எப்போது முளைப்புத்திறன் பார்த்தது, இன்னும் எத்தனை கிராம் மிச்சம் என்பதெல்லாம் பதிவேட்டில்தான் இருக்கும். பதிவு தவறினால், விதைக்கு உயிர் இருந்தும் ஊர் பேர் இருக்காது.

இந்தக் கணக்குக்காக சிமிட் பயன்படுத்துவது ‘கிரின்-குளோபல்’ மென்பொருள். அமெரிக்க வேளாண் துறை, குளோபல் கிராப் டைவர்சிட்டி டிரஸ்ட், பயோவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆகியவை சேர்ந்து உருவாக்கியது, இலவசமாகவே கிடைக்கிறது. இதில் ஒவ்வொரு மாதிரிக்கும் நிரந்தர எண் உண்டு. அதே மாதிரியை மறுபடி விதைத்து அறுவடை செய்தால், அந்தக் குவியலுக்குத் தனி எண். எதை மறுவிதைப்பு செய்ய வேண்டும் என்று தேடி எடுப்பதும் சுலபம். ஆரம்ப முளைப்புத்திறனில் 85 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால் மறுவிதைப்பு என்பது, உணவு மற்றும் வேளாண் அமைப்பு சொல்லும் பொதுவான அளவு. அதாவது, முதலில் 100-க்கு 96 முளைத்த விதை 81-க்கு வந்துவிட்டால் வயலுக்குப் போக வேண்டும்.

மென்பொருளை நிறுவுவது சில நாள் வேலை. பழைய பதிவுகளை அதில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஒரே ரகத்தின் பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தால், கம்ப்யூட்டர் இரண்டாகத்தான் எண்ணும். அதுகூடப் பரவாயில்லை. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு மாதிரிகளை ஒன்றாகக் கொட்டிவிட்டால், பிறகு பிரிக்கவே முடியாது.

நம்மூரில் பாரம்பரிய நெல் ரகங்களைக் காக்கும் குழுக்களுக்கும் இதே சிக்கல்தான்; ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். 50, 60 ரகம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பெரிய மென்பொருள் தேவையில்லை, எக்ஸெல் போதும். ஆனால், எண் போடும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு விதை அழிந்துபோனாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் சொன்ன பெயரைத் திருத்தாமல் தனிக் கட்டத்தில் எழுதி வைக்கவும். கணக்குப் பார்க்க இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். ஒரே ஒருவரை நம்பியிருந்தால், அவர் வேலை மாறும்போது கணக்கும் போய்விடும்.

ஒரு போகம் முடியும்வரை நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் சேர்த்தே எழுதுங்கள். அதன்பிறகும் பழைய நோட்டை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஏற்றும்போது விடுபட்டதைத் தேட வேறு ஆதாரம் கிடையாது.