மச்சுக் கட்டையும் மின்கம்பியும்

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே பிரயாணம் செய்கிறவர்கள் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டே அலுத்துப்போவார்கள். அந்தக் கல் சிமெண்டாகி, இந்தப் பிரதேசத்து வீடுகளுக்கெல்லாம் கான்கிரீட் தளம் போட்டதோடு நில்லாமல், மரத்தோடு பழகும் வித்தையையும் எலெக்ட்ரீஷியன்களிடமிருந்து மெல்லப் பறித்துக்கொண்டது என்பது என் அபிப்பிராயம். தளத்துக்குக் கம்பி கட்டியதும் குழாயைப் படுக்கவைத்துவிட்டால் காரியம் முடிந்தது. சுவரென்றால் காடி வெட்டிப் பூசிவிடலாம். இந்தப் பழக்கத்தோடு பழைய மச்சு வீட்டுக்குள் நுழைகிறவருக்குத் தேக்குக் கட்டையும் சுவராகவே தோன்றிவிடுகிறது.

உடையார்பாளையம் பக்கத்தில் உறவினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் இதைக் கண்ணால் கண்டேன். ஆறங்குல உயரமுள்ள கட்டையொன்றின் அடிப்புறத்தில், நட்டநடுவில், ஓரங்குல ஆழத்துக்குக் காடி இறங்கியிருந்தது. "வயர் வெளியில தெரியாதுங்க ஐயா, மேல வார்னிஷ் அடிச்சுடலாம்" என்றார் மின் வேலைக்காரர், பெருமையோடு.

அந்தக் கட்டை சுமப்பது இலேசான பாரமல்ல. மெல்லிய செங்கற்களைக் குத்தாகச் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் தளம் முழுவதும் அதன் முதுகில் இருக்கிறது. பாரத்தால் கட்டை வளையும்போது அதன் மேல்விளிம்பு நெருக்குண்டு, கீழ்விளிம்பு இழுபட, நடுப்பகுதி மாத்திரம் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. பலமோ உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஆறு ஐந்தானால் முப்பத்தாறு இருபத்தைந்தாகிறது, அதாவது ஓரங்குலக் காடியில் அந்த இடத்துப் பலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விட்டது.

துளைத்தே ஆகவேண்டுமானால், சும்மா இருக்கும் அந்த நடுப்பகுதியில்தான் துளைக்கவேண்டும். துளையின் விட்டம் கட்டை உயரத்தில் கால்பங்கை மிஞ்சலாகாது. பத்தடிக் கட்டையில் சுவரிலிருந்து இரண்டரை அடிக்கும் நான்கடிக்கும் இடையே அது அமைவது உத்தமம். மேலும் கீழும் 50 மில்லிமீட்டர் மரம் மிஞ்சியிருந்தால், பின்னாளில் யாரோ அடிக்கும் ஆணி வயரைத் தொடாது. வயரை மொட்டையாக நுழைக்காமல் குழாய்க்குள் செலுத்துவதும், மரத்துக்குள் இணைப்பு எதையும் வைக்காமலிருப்பதும் அவசியம். தளர்ந்த இணைப்பு சூடேறினால், பக்கத்திலிருப்பது காய்ந்த தேக்கு! எலி கடித்த வயரிலிருந்து மின்சாரம் கசிந்தால் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் அதை அறுத்துவிடும். தளர்ந்த இணைப்பின் சூட்டை அது அறியாது என்பதை மறக்கலாகாது.

பழைய மின் வேலைக்காரர்கள் கட்டையைத் துளைக்கவே இல்லை. ரீப்பர்க் கட்டையை அறைந்து, அதன்மேல் கிளிப் வைத்து, கண்ணுக்குத் தெரிய வயர் ஓட்டினார்கள். அழகில்லை என்று நாம் அதைப் பிடுங்கி எறிந்தோம்.

உறவினர் வீட்டுக்கு மறுநாள் ஆசாரி வந்தார். கட்டைக்கு அடியில் சவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, காடியைத் தாண்டி இருபுறமும் இரண்டிரண்டு அடி நீளும்படி தேக்குப் பலகைகளை அணைத்து போல்ட்டு முடுக்கினார். வயர் இப்போது சுவரோரமாக ரீப்பரில், எல்லோருக்கும் தெரிய ஓடுகிறது.