மூடிய சுரங்கமும் மூடாத பழியும்: தங்கவயலில் தற்பரிவு

தன்னிடம் நிறைவு காணாமல் தன்னையே ஓயாது குறை சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை உளவியல் நூல்கள் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் குணமாக வைத்தே ஆராய்கின்றன. ஆனால் ஓர் ஊர் முழுவதும் ஒரே நாளில் வேலையிழக்கும்போது, அந்தப் பழக்கம் ஒருவர் மனத்தோடு நிற்காமல் வீட்டுக்கு வீடு கைமாறி, தந்தை தன்னைப் பற்றிச் சொன்னதை மகன் தன்னைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு நீளக்கூடும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலை இந்தக் கண்ணோட்டத்தில் அணுகுவது, தற்பரிவு என்று இன்று பேசப்படும் மனப்பயிற்சியின் பொருளை விளங்கிக்கொள்ளவும் அதன் எல்லையை அறிந்துகொள்ளவும் உதவும்.

லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்கே காலூன்றியதிலிருந்து ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பாறை வெடிப்பு எனப்பட்ட, அழுத்தம் தாங்காமல் கல் தானாகச் சிதறும் விபத்து எந்த ஷிப்டிலும் நேரலாம் என்ற நிலை இருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்ததும் இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். அன்றைய வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், தலைமுறை தலைமுறையாக அந்த ஆழத்தில் உழைத்தனர். பின்னாளில் சுரங்கங்களை நடத்திய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது மிஞ்சியவை கைவிடப்பட்ட ஷாப்ட்டுகளும், காற்றடித்தால் தூசி கிளப்பும், சயனைட் மலைகள் எனப்படும் கழிவு மண் குன்றுகளும், நுரையீரலில் கல்தூசி படிந்து மூச்சைக் குறுக்கும் சிலிக்கோசிஸ் நோயும்தான்.

சுரங்கம் ஏன் மூடப்பட்டது என்ற கேள்வி பொருளாதாரக் கேள்வியாகத் தோன்றினாலும், இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அதுவே அடித்தளம். தொடக்கக் காலத்தில் ஒரு டன் தாதுவில் 40 கிராமுக்கும் மேல் கிடைத்த தங்கம், இறுதிக் காலத்தில் ஐந்து கிராமுக்கும் கீழே போயிற்று. ஆழம் கூடக் கூட ஒவ்வொரு கிராமுக்கும் ஆகும் செலவு ஏறியது. 1992இல் நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. இவற்றில் எதுவும் மண்வெட்டியும் துளைப்பானும் பிடித்த கையின் பிழை அல்ல. ஆயினும் வேலை போன மனிதர் தாதுவின் தரத்தையோ அரசின் கணக்கையோ எண்ணித் தூக்கம் இழப்பதில்லை. தான் வேறு தொழில் கற்றிருக்கலாம், பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்திருக்கலாம், கிடைத்த இழப்பீட்டுத் தொகையைச் செலவழிக்காமல் வைத்திருக்கலாம் என்றுதான் எண்ணுகிறார். பெரிய காரணங்களுக்கு முகம் இல்லாததால், பழி கைக்கெட்டும் ஒரே முகத்தின்மேல், அதாவது தன்மேல், வந்து விழுகிறது.

இந்த நகர்வை முதன்முதலில் நுட்பமாகப் பதிவு செய்த ஆய்வுகளில் ஒன்று ஆஸ்திரியாவில் நடந்தது. வியன்னாவுக்கு அருகில் உள்ள மரியந்தால் என்ற சிற்றூரின் நெசவாலை மூடப்பட்டபின் அங்கே வாழ்ந்தவர்களை மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர். நேரம் ஏராளமாகக் கிடைத்தும் அவ்வூர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததையும், தெருவில் நடக்கும் ஆண்களின் நடைவேகம்கூடத் தளர்ந்துவிட்டதையும் அவர்கள் கண்டனர். வேலையோடு கூலி மட்டும் போவதில்லை, நாளின் ஒழுங்கும் தன்மதிப்பும் சேர்ந்தே போகின்றன என்பது அந்த ஆய்வின் சாரம். தங்கவயல் ஓரிடத்தில் இதிலிருந்து விலகுகிறது. இங்கே மனிதர்கள் தெருவில் தேங்கிவிடவில்லை. மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருக்குப் போய், கட்டட வேலையிலும் காவல் பணியிலும் துப்புரவிலும் அலுவலகங்களிலும் உழைத்து இருட்டியபின் திரும்புகிறார்கள். ஓய்வின்மைக்குள் ஒளிந்திருக்கும் தன்மீதான குறையைக் கண்டுபிடிப்பது, சோர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் காண்பதைவிடக் கடினம் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

மனத்துக்குள் ஒலிக்கும் இந்தக் கண்டனக் குரலை உளவியலாளர்கள் அகவிமர்சகர் என்று அழைக்கின்றனர். பரிவை மையமாகக் கொண்ட சிகிச்சை முறையை உருவாக்கிய பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட், மனித மனத்தில் மூன்று உணர்வு ஒழுங்குகள் இயங்குவதாக விளக்குகிறார்: ஆபத்தைக் கண்டு எச்சரிப்பது ஒன்று, வேண்டியதைத் தேடி ஓட வைப்பது மற்றொன்று, பாதுகாப்பாக இருக்கும்போது ஆற்றித் தணிப்பது மூன்றாவது. தன்னை இகழ்பவரின் மனத்தில் முதல் ஒழுங்கு இடைவிடாது விழித்திருக்கிறது, மூன்றாவது போதிய பழக்கமின்றி நலிந்துவிடுகிறது. பிறர் தன்னைத் தாழ்ந்தவராகப் பார்க்கிறார்கள் என்ற வெட்கமே அகவிமர்சகருக்கு உரமிடுகிறது என்பதும் அவரது விளக்கத்தின் ஒரு பகுதி. தங்கவயலில் அந்த வெட்கம் கற்பனையானது அல்ல. தங்கம் திருடுவார்கள் என்ற ஐயத்தில் தொழிலாளர்கள் சோதனையிடப்பட்டார்கள். சாதியின் பெயராலும் கூலி என்ற பெயராலும் அழைக்கப்பட்டார்கள். அவ்வாறு வெளியிலிருந்து வந்த ஏளனம் காலப்போக்கில் சொந்தக் குரலாக மாறி ஒலிக்கும்போது, அதை உண்மையென்று நம்புவதே மனிதருக்கு நேரும் பெரிய கேடு.

தற்பரிவு என்பது இந்தக் குரலுக்கு எதிர்க்குரல் எழுப்புவதைவிட ஆழமானது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் அதற்கு வரையறையும் அளவுகோலும் தந்தபோது மூன்று கூறுகளைச் சுட்டினார். தோல்வியிலும் வலியிலும் தன்னைக் கடிந்துகொள்ளாமல் கனிவோடு நடத்துவது முதற்கூறு. தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டுமே நேர்ந்த இழிவு என்று ஒதுங்கிவிடாமல், மனிதர் எவர்க்கும் நேரும் துன்பத்தின் ஒரு பகுதியென உணர்வது இரண்டாவது. வலியை மறைக்கவும் செய்யாமல் ஊதிப் பெருக்கவும் செய்யாமல், உள்ளபடி கவனிக்கும் விழிப்புநிலை மூன்றாவது. ஊரின் கதையை அறிந்தவருக்கு இவற்றில் இரண்டாவது கூறே மிகவும் பொருளுடையதாகப் படும். ஏனெனில் தங்கவயலில் துன்பம் உண்மையாகவே பொதுவானது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் அதே நாளில் அதே கையெழுத்தால் வேலை போனது. அப்படியிருந்தும் ஒவ்வொருவரும் தனித்தனியே வெட்கப்படுவதுதான் அகவிமர்சகரின் வலிமை.

இந்தக் கருத்து தங்கவயலுக்கு அயலானதும் அல்ல. நெஃப் தமது சிந்தனைக்குப் பௌத்தத் தியான மரபிலிருந்து பெரிதும் பெற்றுக்கொண்டவர். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், மைத்திரித் தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்குமாறு கூறுகிறது. தான் இன்பத்தை விரும்புவதைப் போலவே எல்லா உயிரும் விரும்புகிறது என்பதற்குத் தன்னையே சாட்சியாகக் கொள்வதற்காக அவ்வாறு விதிக்கிறது. பரிவு ஒருவரிடமே தொடங்கி அவரோடு முடிந்துவிடாமல் வெளியே பரவுவதற்கான முதற்படி இது. இதே பௌத்த மரபு தங்கவயலையும் எட்டியது. தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் செல்வாக்கு மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் ஆகிய பகுதிகளின் தொழிலாளர்களிடையே ஆழமாக வேர்விட்டது. அவர் 1914இல் மறைந்தபின், அவரது ‘தமிழன்’ இதழை 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார். ஷிப்ட் முடிந்து மேலே வந்த தொழிலாளர்கள், தாங்கள் பிறப்பால் இழிந்தவர்கள் அல்லர், அறநெறியின் பழைய வாரிசுகள் என்று படித்தும் விவாதித்தும் தங்களை வேறு கண்ணால் காணக் கற்றுக்கொண்டார்கள். உளவியல் ஆய்வுக்கூடங்கள் தற்பரிவை அளக்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, அவமதிப்பைத் தன்னுடையதாக்கிக்கொள்ள மறுக்கும் பயிற்சி இங்கே கூட்டாக நடந்திருக்கிறது. ஊரின் வரலாறு பேசப்படும்போது தங்கத்தின் எடையைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தன்னிடம் கனிவு காட்டினால் சோம்பல் வந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. கடின உழைப்பையே பெருமையாகக் கொண்ட சமூகத்தில் அது கூடுதலாகவே இருக்கும். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்தை நேரடியாகச் சோதித்தது. கடினமான சொற்தேர்வு ஒன்றில் திணறிய மாணவர்களில், அந்தத் தோல்வியைப் பரிவோடு நோக்கும்படி தூண்டப்பட்டவர்கள், தன்மதிப்பை உயர்த்தும் சொற்களைக் கேட்டவர்களைவிட அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். தவறு செய்தால் தண்டனை உறுதி என்று அஞ்சும் மனம் தவறைப் பார்க்கவே மறுக்கிறது. அந்த அச்சம் விலகிய மனத்துக்குத்தான் அதைத் திருத்தும் துணிவு வருகிறது. தற்பரிவு அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் என்ற ஐயமும் அடிப்படையற்றது. தங்களைக் குற்றவாளிகளைப் போல விரல்ரேகை எடுத்துப் பதிவு செய்ய முனைந்ததை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள், தங்கள் மதிப்பை உணரத் தொடங்கியிருந்த அதே தலைமுறையினர்.

அன்றாடத்தில் இதை எங்கே தொடங்குவது என்பதற்குச் சுரங்கத்தின் நடைமுறையிலேயே ஒரு வழிகாட்டுதல் உண்டு. பாறை சரிந்து ஒருவர் சிக்கிக்கொண்டால் முதலில் அவரை வெளியே கொண்டுவருவார்கள், மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், முதலுதவி செய்வார்கள். யார் பிழை என்ற விசாரணை அதற்குப் பின்புதான். அகவிமர்சகர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, அடிபட்டவரை இடிபாட்டுக்குள் வைத்தே விசாரிக்கிறார். ஆகவே மனம் தன்னைத் திட்டத் தொடங்கும் கணத்தில் மூன்று சிறு செயல்களைப் பழகலாம்: இது வலிக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்வது, இதே வலியோடு இந்த நேரத்தில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று நினைவுகூர்வது, உடன் வேலை செய்பவருக்கு இது நேர்ந்திருந்தால் எந்தக் குரலில் பேசியிருப்போமோ அந்தக் குரலில் தன்னிடமும் பேசுவது. நெஞ்சின்மீது கையை வைத்து நிதானமாக மூச்சு விடுவது சிலருக்குத் துணைசெய்யும். மாரிக்குப்பம் ரயிலில் இடம் கிடைக்காமல் நிற்கும் பெண்ணுக்கும் இவை இயலும். தனி அறையோ ஓய்ந்த பொழுதோ இவற்றுக்குத் தேவையில்லை. வீட்டு வேலையும் கூலி வேலையும் சேர்த்துச் சுமந்துவிட்டு, பிள்ளையின் பாடத்தைப் பார்க்க முடியவில்லையே என்று தன்னையே நோகும் தாய்மார்களுக்குத்தான் இந்தப் பயிற்சி மற்றெவரையும்விட முதலில் சென்று சேர வேண்டும்.

அடுத்த தலைமுறையிடம் சுரங்கம் மூடிய காரணத்தை உள்ளபடி சொல்வதும் தற்பரிவின் ஒரு பகுதியே. தாத்தாவின் தொழில் தோற்றது தாதுவாலும் கொள்கையாலும் என்று அறிந்த பிள்ளை, தேர்வில் தவறியதை வம்சத்தின் விதியாக எடுத்துக்கொள்ளாது. ரயிலில் ஒரே பெட்டியில் நாள்தோறும் பயணம் செய்பவர்கள் தங்களுக்குள் இதைப் பேசிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம் ஏற்கெனவே கொண்டவர்கள். புத்தகம் படித்துக் கற்பதைவிட அந்தப் பேச்சில் கற்பது எளிது.

ஆயினும் தற்பரிவு மருத்துவத்துக்கு மாற்று அல்ல. சிலிக்கோசிஸுக்கு நுரையீரல் மருத்துவரும், நிலுவைத் தொகைக்கும் வீட்டு உரிமைக்கும் தொழிற்சங்கமும் சட்டமும் தேவை. அவற்றின் இடத்தில் மனப்பயிற்சியை வைப்பது அந்த மக்களுக்குச் செய்யும் மற்றோர் அநீதி. வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமற்று, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் அது அகவிமர்சகரின் குரலைத் தாண்டிய மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்போது உதவி நாட வேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைத் தலைமை மையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி இரவு பகலாக இயங்குகிறது. அதில் கன்னடத்தில் பேசலாம், தமிழிலும் பேசலாம்.